செருப்புக்கு வந்த நோய்

அத்தியாயம் 5

"படம் எல்லாம் யார் எடுத்தது?"

"நான்தான்."

"ஆயிரமும்?"

"ஆயிரமும்."

"கூடமாட ஒத்தாசைக்கு யாராவது?"

"யாரும் இல்ல."

முந்தின நாள் சாயங்காலம் அண்ணிக்கும் அந்தப் பேராசிரியைக்கும் நடந்த இந்தப் பேச்சு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ரேடியோவின் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் அதே கண்ணாடியைத் துடைத்திருந்தார்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். தொலைபேசி அலுவலகத்துப் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷம் ஊரார் புலம்பலுக்கெல்லாம் வாய் ஓயாமல் பதில் சொன்னதில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரிவை மூடியபோது, அண்ணன் மனைவி தையல்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் துப்பறியும் நிறுவனம் தொடங்கியிருந்தார். "வா, எனக்கு மூளைக்கு வேலை, உனக்கு வாய்க்கு வேலை" என்று கூப்பிட்டுக்கொண்டார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஸ்கூட்டரில் போய்த் துப்பறிகிற கம்பெனி உலகத்தில் இது ஒன்றுதான் என்று அண்ணன் சொல்வார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. வீட்டில் சமையல் அவர் பொறுப்பு.

"அண்ணி, அந்தம்மா பொய் சொல்றாங்க," என்றாள் ரேடியோ, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"தெரியும்."

"பணம் குடுத்து நம்மளை வெச்சுட்டு நம்மகிட்டயே பொய் சொன்னா எப்படி? டாக்டர்கிட்டப் போய் வயித்துவலியை மறைக்கிற மாதிரி இல்ல?"

"சில பேர் வலியை மறைக்க மாட்டாங்க. வலி எங்கேங்கறதைத்தான் மறைப்பாங்க," என்று அண்ணி வளைவில் ஹாரன் அடித்தார்.

விவகாரம் இதுதான். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறவர் பேராசிரியை. ஆறு வருஷமாக ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டும். பருவ இறுதிப் பரீட்சைக்கு அவர் ஆயிரம் இலைப் படங்கள் வைத்திருந்தார்: ஐநூறு நல்ல இலை, ஐநூறு நோய் பிடித்த இலை. எண்ணூறு படத்தை மாணவர்களிடம் கொடுத்து, "இதை வைத்து உங்கள் புரோகிராமைப் பழக்குங்கள்" என்றார். மீதி இருநூறை ஒளித்துவைத்துக்கொண்டார். புரோகிராம் அந்த இருநூறில் எத்தனையைச் சரியாகச் சொல்கிறதோ, அத்தனை மதிப்பெண்.

வகுப்பிலேயே முதல் மாணவிக்கு நூற்றெழுபத்தொன்று. கடைசி பெஞ்சில் தூங்குகிற ஒருவனுக்கு இருநூறுக்கு இருநூறு.

ஒளித்துவைத்த படங்களின் விடை பேராசிரியையின் கணினியில் மட்டும்தான் இருந்தது. அப்படியானால் விடையைக் கொடுத்தது யார்? துறைத்தலைவர் அந்தக் கேள்வியைக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்று மாலை நாலு மணிக்கு விசாரணை என்று முடித்திருந்தார். நாலு மணிக்குள் பதில் கிடைக்காவிட்டால் பேராசிரியை வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அந்தப் பையன் திருடலை, நான் குடுக்கலை. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. வேற எதையும் தோண்ட வேண்டாம்," என்று நேற்றுச் சொல்லியிருந்தார்.

"வேற எதையும்னா என்னங்க?" என்று ரேடியோ கேட்டபோதுதான் கண்ணாடி மூன்றாவது முறை துடைக்கப்பட்டது.

*

வகுப்பறை சினிமாக் கொட்டகை மாதிரி சரிந்து இறங்கியது. அறுபது பேர். அதில் நாற்பது பேர் கைப்பேசியைப் பார்த்தார்கள். பத்துப் பேர் மற்றவர்களின் கைப்பேசியைப் பார்த்தார்கள். பேராசிரியை பெரிய இலைப் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். டேப்பை இழுத்து, பல்லால் ஒரு கடி கடித்துப் பிய்த்து, மூலையில் அப்பினார். மறுபடி ஒரு கடி.

"இவ்வளவு படிச்சவங்க டேப்பைக் கடிக்கிறாங்களே அண்ணி. வீட்டுல சொல்ல ஆள் இல்லையா?" என்று ரேடியோ கிசுகிசுத்தாள்.

"இல்ல. தனியாத்தான் இருக்காங்க," என்றார் அண்ணி. அவர் கண் டேப்பின் மேலேயே இருந்தது.

இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் கன்னத்தில் கை வைத்து, கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். வகுப்பு அவனுக்கு வைத்திருந்த பெயர் கொட்டாவி. இருநூறுக்கு இருநூறு எடுத்தவன் இவன்தான்.

"மெஷினுக்கு இலைன்னா என்னன்னு தெரியாது. நோய்னா என்னன்னும் தெரியாது," என்று பேராசிரியை ஆரம்பித்தார். நேற்று இருந்த தயக்கமெல்லாம் போய், குரல் தெளிந்திருந்தது. "ஐநூறு படத்தைக் காட்டி 'இது நல்லது'ங்கறோம். இன்னொரு ஐநூறைக் காட்டி 'இது நோய்'ங்கறோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுவே தேடிக்கும்."

ரேடியோ கையைத் தூக்கினாள். புகார்ப் பிரிவுப் பழக்கம்.

"ஏங்க, அது தப்பான வித்தியாசத்தைத் தேடிக்கிட்டா?"

அறுபது தலைகள் திரும்பின. பேராசிரியையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"இந்தப் பருவத்துல என் வகுப்புல கேட்ட முதல் கேள்வி இது! எல்லாரும் திரும்பிப் பாருங்க, கேள்வி கேக்கறவங்க இப்படித்தான் இருப்பாங்க." சிரிப்பு எழுந்தது. "என் அண்ணன் குழந்தைக்கு ஒன்றரை வயசு. என்னைக் காட்டிக் காட்டி 'அத்தை, அத்தை'ன்னு சொல்லிக் குடுத்தோம். அழகா 'அத்தை'ன்னு கூப்பிட்டா. எனக்குப் பெருமை தாங்கலை. மறுநாள் தபால்காரர் வந்தார். அவரையும் 'அத்தை'ன்னா. எதிர்வீட்டுத் தாத்தாவையும் 'அத்தை'ன்னா. அப்புறம்தான் புரிஞ்சுது. மூணு பேரும் கண்ணாடி போட்டிருக்கோம். குழந்தை என்னைக் கத்துக்கலை, என் கண்ணாடியைக் கத்துக்கிட்டா."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. கொட்டாவிகூடச் சிரித்தான்.

"அதனாலதான் படத்துல இலையை மட்டும் வெட்டி எடுங்க, சுத்தி இருக்கிறதைத் தூக்கிப் போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்புறம், பரீட்சைக்குப் படம் பிரிக்கும்போது நாமளா பொறுக்கக் கூடாது. சீட்டுக்கட்டு மாதிரி நல்லாக் குலுக்கிப் போட்டுத்தான் பிரிக்கணும்." மணி அடித்தது. "கேள்வி இருந்தா இங்கேயே கேட்டுடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அதுவும் தூங்காது, உங்களையும் தூங்க விடாது."

வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் சின்னக் கத்தரிக்கோல். கணினி லேபைப் பார்த்துக்கொள்கிறவர்.

"மேடம், ஒரு விஷயம் கேக்கணும்," என்றார்.

"கேளுங்க சார்."

அவர் ஒரு கணம் பேராசிரியையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "வந்து... ஏசி ரிமோட் உங்ககிட்ட இருக்கா?"

"இல்லையே சார்."

"சரி மேடம்." போய்விட்டார்.

ரேடியோ அண்ணியின் இடுப்பில் இடித்தாள். "ரிமோட் கேக்க வந்த மூஞ்சியா அது?"

*

கொட்டாவியை நடைபாதையின் ஜன்னலோரம் நிறுத்தினார்கள். குற்றவாளி என்று சொன்னால் நம்ப முடியாத முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டையில் பால் கறை.

"தம்பி, இருநூறு எப்படி வாங்கினே?" என்றார் அண்ணி.

"எனக்கே தெரியலை மேடம்."

"விடை யாராவது குடுத்தாங்களா?"

"சத்தியமா இல்ல. வந்த மார்க்கைப் பாத்து நானே பயந்துட்டேன்."

"நம்பறேன். புரோகிராம்ல என்ன பண்ணினேன்னு சொல்லு. இலையை வெட்டி எடுத்தியா?"

"எடுத்தேன் மேடம். ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"கையாலதானே? ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு... ரெண்டு செகண்ட்."

அண்ணி கைப்பேசியை எடுத்து அவனிடம் நீட்டினார். திரையில் ஓர் இலைப் படம். "வெட்டு. ரேடியோ, மணி பாரு."

அவன் விரலை வைத்து இலையின் ஓரமாக வரைந்தான். வழுக்கியது. அழித்தான். மறுபடி வரைந்தான்.

"நாப்பது செகண்ட் தாண்டியாச்சு. இன்னும் காம்புக்கே வரலை," என்று ரேடியோ அறிவித்தாள். "எண்ணூறு படம்னா ஒம்பது மணி நேரம் தம்பி. உனக்கு ஒம்பது மணி நேரம் முழிச்சு உக்காரத் தெரியுமா?"

பையன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். "அக்காவுக்கு இரட்டைக் குழந்தை மேடம். ரெண்டு மாசம் ஆகுது. ஒரே ரூம். ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு எழுந்துக்கும். ஆளுக்கு ஒண்ணைத் தோள்ல போட்டுட்டு நடப்போம். கடைசி நாள் வரைக்கும் முடியலை. படத்தை அப்படியே முழுசா மெஷின்ல போட்டுட்டேன். வெட்டினேன்னு ரிப்போர்ட்ல பொய் எழுதினேன். ஃபெயில் ஆயிடுவேன்னு பயம்." மூக்கை உறிஞ்சினான். "பாடம் கேக்காம இருந்தவன் ஜெயிச்சது எப்படின்னு எனக்கு நிஜமாவே புரியலை."

ரேடியோ அவன் தோளைத் தட்டினாள். "போ, போய்த் தூங்கு. நாலு மணிக்கு லேபுக்கு வா. முகம் கழுவிட்டு."

அவன் போனதும் அண்ணி ஜன்னல் கட்டையில் விரலால் தாளம் போட்டார். "எல்லாரும் இலையை வெட்டி எடுத்தாங்க. இவன் மட்டும் முழுப் படத்தையும் காட்டியிருக்கான். எல்லாரும் தடுமாறினாங்க. இவன் மெஷின் தடுமாறவே இல்ல. அப்போ வெட்டிப் போட்ட குப்பையில என்னவோ இருந்திருக்கு."

"கண்ணாடி!" என்றாள் ரேடியோ. "குழந்தை அத்தையோட கண்ணாடியைப் பிடிச்ச மாதிரி!"

"வாய்க்கு மட்டும் வேலைன்னு சொன்னது தப்புதான்," என்றார் அண்ணி.

*

லேப் ஒரு நேர்த்தியான இடம். அப்படியொரு நேர்த்தியை ரேடியோ தன் அலமாரியில் ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்பது கணினி, நாற்பதுக்கும் எண். ஒவ்வொரு வயரிலும் சீட்டு, சீட்டின் மேல் டேப், டேப்பின் நாலு மூலையும் அளந்து வெட்டிய சதுரம். ஜன்னலோரம் ஏழெட்டுத் தொட்டிச் செடிகள். எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் நோயாளிகள். ஒன்றுக்குக் குச்சி கட்டியிருந்தது. ஒன்றுக்கு இலையெல்லாம் மஞ்சள் புள்ளி.

"இதெல்லாம் என்ன, செடிகளுக்கு ஆஸ்பத்திரியா?" என்றாள் ரேடியோ.

லேப்காரர் வெட்கத்தோடு சிரித்தார். "வேணாம்னு தூக்கிப் போடறதைக் கொண்டு வந்து வெப்பேன். வீட்டு மாடியில இன்னும் நிறைய இருக்கு."

"பொழைக்குமா?"

"பாதி பொழைக்கும். அவசரப்படுத்தக் கூடாது."

"அவசரமே படாம எட்டுப் பத்து வருஷமா ரிமோட் தேடறீங்களாக்கும்."

அவர் காது சிவந்தது. "ஆறு வருஷம்," என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, வயர் ஒன்றைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். அண்ணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

கூடவே வந்திருந்த பேராசிரியை ஆயிரம் படத்தையும் திரையில் திறந்தார். வெள்ளைத் தாள், அதன் மேல் ஓர் இலை. அடுத்த படம், வெள்ளைத் தாள், ஓர் இலை. எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

"பையனோட புரோகிராமைப் போடுங்க," என்றார் அண்ணி. "இந்தப் படத்துல இலையைக் கறுப்பா மறைச்சிடுங்க. இப்போ கேளுங்க."

திரையில் எழுத்து வந்தது. *நோயுற்ற இலை. 99 சதவீதம்.*

"இலையே இல்லையே!" என்று கத்தினாள் ரேடியோ.

பத்துப் படத்தில் இலையை மறைத்தார்கள். பத்தும் சரி. பேராசிரியை நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நிம்மதியும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பையன் திருடலை! மெஷின் வேற எதையோ பாக்குது!"

"எதைன்னு இப்போ பாத்திடலாம்," என்றார் அண்ணி. "இலையை விட்டுட்டு, தாளோட நாலு மூலையையும் மறைங்க."

மெஷின் தடுமாறியது. நல்ல இலையை நோய் என்றது, நோயை நல்லது என்றது.

அண்ணி ஒரு படத்தின் மூலையைப் பெரிதாக்கினார். தாளை மேஜையில் ஒட்டிய டேப் தெரிந்தது. ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி பிய்ந்திருந்தது. அது நல்ல இலைப் படம். நோய் இலைப் படம் ஒன்றைப் பெரிதாக்கினார். அங்கேயும் டேப். கத்தியால் கீறின மாதிரி நேரான ஓரம்.

ரேடியோவின் பார்வை வயர்களில் இருந்த சதுர டேப்புக்குப் போயிற்று. அங்கிருந்து சட்டைப்பைக் கத்தரிக்கோலுக்கு.

"நாலு மணிக்கு இதைக் காட்ட வேண்டாம்," என்றார் பேராசிரியை. குரல் சட்டென்று தணிந்துவிட்டது. "இலையை மறைச்சதை மட்டும் காட்டுங்க. மூலை வேண்டாம்."

"மூலையைக் காட்டாம எப்படிங்க? 'இலையைப் பாக்கலைன்னா எதைப் பாத்துது?'ன்னு கேப்பாரே," என்றார் அண்ணி.

பேராசிரியை பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. துறைத்தலைவர் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார், கக்கத்தில் விதிப் புத்தகத்தோடு. அவர் முதுகுக்குப் பின்னால் கொட்டாவி, முகம் கழுவி, முடியில் தண்ணீர் சொட்ட.

*

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதை மீறாமல் தூங்கப் போக வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். இலையை மறைத்தும் மெஷின் பதில் சொன்னதைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"இலையைப் பாக்கலைன்னா எதைப் பாத்துது?"

"சொன்னேனா இல்லையா?" என்பதுபோல அண்ணி பேராசிரியையைப் பார்த்தார். பிறகு ரேடியோவிடம் திரும்பினார். "உன் செருப்பைக் கழட்டு."

"எதுக்கு அண்ணி?"

"ஒண்ணு போதும். இடதுகால்."

ரேடியோ கழற்றினாள். அண்ணி மேஜையில் இரண்டு வெள்ளைத் தாளை வைத்தார். ஒன்றைப் பேராசிரியையிடம் தள்ளினார். "இதை ஒட்டுங்க." பேராசிரியை டேப்பை இழுத்து, பழக்கதோஷத்தில் பல்லால் கடித்து, நாலு மூலையையும் ஒட்டினார். இன்னொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்காமலேயே லேப்காரர் முன்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நாலு துண்டு வெட்டி மூலைகளில் ஒட்டினார். நாலும் ஒரே அளவு.

கடித்து ஒட்டிய தாளின் மேல் செருப்பை வைத்து அண்ணி படம் எடுத்தார். மெஷினிடம் கேட்டார்.

*நல்ல இலை. 97 சதவீதம்.*

"நன்றி," என்றாள் ரேடியோ. "போன வாரம்தான் வாங்கினேன்."

செருப்பு அடுத்த தாளுக்கு இடம் மாறியது.

*நோயுற்ற இலை. 98 சதவீதம்.*

"அரை நிமிஷத்துல என் செருப்புக்கு நோய் வந்துடுச்சே!"

துறைத்தலைவருக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "அப்போ... டேப்பா?"

"டேப்தான் சார். நல்ல இலைப் படமெல்லாம் ஒரு வீட்டு மேஜையில, கடிச்ச டேப்போட. நோய் இலைப் படமெல்லாம் இன்னொரு வீட்டு மேஜையில, வெட்டின டேப்போட. மத்த மாணவர்கள் இலையை மட்டும் வெட்டி எடுத்தாங்க, டேப் குப்பைக்குப் போயிடுச்சு. அவங்க நிஜமாவே நோயைத் தேடி, நூத்தெழுபத்தொண்ணு வரைக்கும் வாங்கினாங்க. இந்தத் தம்பி நேரமில்லாம முழுப் படத்தையும் காட்டினான். மெஷின் சுலபமான வழியைப் பிடிச்சுக்கிச்சு. இருநூறு வாங்கினவனோட மெஷின்தான் இந்த வகுப்பிலேயே ஒரு இலையைக்கூடப் பாக்காத மெஷின். அது கண்டுபிடிச்சது நோயை இல்ல. படம் எடுத்த ஆளை."

"படம் எடுத்த ஆளா?" துறைத்தலைவரின் கை விதிப் புத்தகத்துக்குப் போயிற்று. "ஆயிரமும் நானே எடுத்தேன்னு இவங்க எழுதிக் குடுத்திருக்காங்களே. விதி பதினொண்ணு: தேர்வுப் படங்களை ஆசிரியர் தவிர வேறு யாரும் கையாளக் கூடாது. கையாண்டா ஊழியர் வேலை நீக்கம். ரெண்டாவது மேஜை யாரோடது?"

"என்னோடதுதான்," என்றார் பேராசிரியை.

அதே மூச்சில், "என்னோடது சார்," என்றார் லேப்காரர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க சொல்றதைக் கேக்காதீங்க சார்," என்றார் லேப்காரர். ரிமோட் கேட்கும்போது வராத தெளிவு அந்தக் குரலில் இருந்தது. "நோய் பிடிச்ச செடியெல்லாம் என் மாடியிலதான் இருக்கு. பறிச்சா வழியிலேயே இலை வாடிடும். அதான் என் வீட்டு மேஜையிலேயே வெச்சு, அஞ்சு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஐநூறும் நான் எடுத்தேன். விதி எனக்குத் தெரியாது. இப்போ தெரிஞ்சுக்கிட்டேன். எழுதறதை என் பேர்ல எழுதுங்க. அவங்ககிட்டேருந்து வகுப்பைப் பறிச்சுடாதீங்க."

ரேடியோ இருந்த புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷத்தில் ஒரு மனிதர்கூட, தப்பு என்னோடது, என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னதில்லை.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணி. "இவர் எடுத்தபோது அதெல்லாம் வெறும் படம்தானே? எப்போ அது தேர்வுப் படமாச்சு?" பேராசிரியையைப் பார்த்தார். "காலையில வகுப்புல சொன்னீங்களே. சீட்டுக்கட்டு."

பேராசிரியை நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

"அவர் ஐநூறையும் குடுத்து முடிச்ச அப்புறம், ஆயிரத்தையும் நான் மெஷின்ல போட்டுக் குலுக்கி இருநூறைப் பிரிச்சேன். எந்த இருநூறுன்னு அவருக்குத் தெரியாது. குலுக்கி முடியற வரைக்கும் எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் அந்தப் படத்தை அவர் தொடவே இல்ல. குலுக்கின நாளும் நேரமும் கணினியில பதிவாகியிருக்கு சார், பாருங்க."

துறைத்தலைவர் பதிவைப் பார்த்தார். விதி பதினொன்றைப் பார்த்தார். மறுபடி பதிவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. விதி உடையாமல் மனிதர்களும் தப்பித்துக்கொண்ட நிம்மதி.

"அப்போ இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா?"

"இது விதிக்குள்ள வருமான்னு கேட்டா என்ன பதில் வருமோன்னு பயந்துட்டேன் சார்."

"நல்ல ஆசிரியை. வகுப்புல 'கேள்வி கேளுங்க'ன்னு தொண்டை கிழியக் கத்திட்டு, நீங்க மட்டும் கேக்கவே மாட்டீங்க," என்று முணுமுணுத்தாள் ரேடியோ, தேவைக்கு அதிகமாகவே சத்தமாக.

துறைத்தலைவர் புத்தகத்தை மூடினார். "விசாரணை முடிஞ்சது. எழுதிக் குடுத்ததை மட்டும் திருத்திக் குடுத்திடுங்கம்மா. ஒப்பந்தம் வழக்கம்போல நிரந்தரத்துக்குப் போகும். படம் எல்லாம் புதுசா எடுக்கணும், பரீட்சை மறுபடி வைக்கணும். தம்பி, ரிப்போர்ட்ல பொய் எழுதினதுக்கு உனக்குப் பத்து மார்க் கழிவு." போகிறபோக்கில் வாசலில் நின்றார். "இந்தச் செருப்புக் கதையை அடுத்த வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லுங்கம்மா. மறக்க மாட்டாங்க."

கொட்டாவி கண் கலங்கச் சிரித்தான். "பத்து மார்க்தானா மேடம்? புதுப் படம் வந்த அன்னைக்கே வெட்ட உக்காந்துடறேன்!" என்று ஓடியே போய்விட்டான்.

*

அண்ணி பையை எடுத்துக்கொண்டார். "நேத்தே உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்று ரேடியோ கேட்டாள். "நேத்து கண்ணாடி சொல்லுச்சு, யாரையோ காப்பாத்தறாங்கன்னு," என்றார் அண்ணி. "இன்னைக்கு டேப் சொல்லுச்சு, யாரைன்னு. வா, உங்க அண்ணன் சாப்பாட்டோட காத்திருப்பார்."

"எப்படி வர்றது? என் செருப்பு அங்கே மாட்டிக்கிச்சே."

உண்மைதான். செருப்பு மேஜை மேல் இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் பேராசிரியை, அந்தப் பக்கம் லேப்காரர். இடையில் புகுந்து செருப்பை எடுக்க யாருக்கும் மனசு வராத ஒரு நேரம் அது. அண்ணி அவளைக் கதவோரம் இழுத்து நிறுத்தினார். ரேடியோ ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றாள்.

லேப்காரர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க சார்."

அவர் கத்தரிக்கோலைத் திறந்தார், மூடினார். ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் புள்ளிச் செடிகூடக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

"இந்த டேப்பை... உரிச்சிடலாமா?"

ரேடியோ நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் லேப் முழுக்கக் கேட்டது.

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, மேஜை மேல் வைத்துவிட்டார்.

"உரிக்க வேண்டாம். நீங்க ஆறு வருஷமா கேட்டுட்டு இருக்கீங்க, இன்னைக்கு ஒரு தடவை நான் கேக்கறேன். புதுசா ஆயிரம் படம் எடுக்கணும். இந்தத் தடவை நல்ல இலை, நோய் இலை எல்லாத்தையும் ஒரே வீட்டுல, ஒரே மேஜையில வெச்சு எடுக்கணும்னு..." சட்டென்று நிறுத்தினார். தலையை ஆட்டினார். "இல்ல. பாருங்க, நானும் அந்த மெஷின் மாதிரி டேப்பைப் பத்தியே பேசிட்டு இருக்கேன். இலையைப் பத்திக் கேக்கறேன்."

லேப்காரரின் கையில் கத்தரிக்கோல் திறந்தது திறந்தபடி நின்றது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"